முகத்துவாரச் சேறு கறுத்து நாறுவது சாக்கடையால்தானா?

அடையாறு முகத்துவாரத்தில் சேற்றைக் கிளறினால் கன்னங்கரேலென்று இருக்கிறது, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது, சாக்கடை கலப்பதற்கு இதுதானே சாட்சி என்று கேட்டிருக்கிறீர்கள். சாக்கடை கலப்பது உண்மை. ஆனால் இந்தச் சாட்சி செல்லாது. பெருநகரம் எதுவும் பக்கத்தில் இல்லாத பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் ஒரு சாண் தோண்டினாலும் இதே கறுப்புதான், இதே நாற்றம்தான்.

ஆற்றோடு வரும் களிமண் துகள்கள் உப்புநீர் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துப் படிகின்றன. இலைதழைகளும் கழிவும் கூடவே புதைகின்றன. அந்தச் சேற்றுக்குள் பிராணவாயு சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. அதற்குக் கீழே உள்ள பாக்டீரியாக்கள் சுவாசத்துக்கு நைட்ரேட், மாங்கனீஸ் ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு என்று கிடைத்ததையெல்லாம் பயன்படுத்திவிட்டு, கடைசியில் சல்பேட்டில் கை வைக்கின்றன. அதற்கு அங்கே பஞ்சமே இல்லை: கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் உண்டு, ஒவ்வொரு ஓதமும் புதிதாகக் கொண்டுவருகிறது. ஏரிச் சேற்றில் சல்பேட் குறைவு என்பதால் அங்கே வாசனையற்ற மீத்தேன்தான் பெரும்பாலும் குமிழியிடும்.

சல்பேட்டிலிருந்து பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த நாற்றம். அது இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடு ஆவதுதான் அந்தக் கறுப்பு. வெள்ளி மோதிரம் போட்ட கையைச் சேற்றில் விட்டால் மோதிரமும் கறுத்துப்போகும். நண்டு வளையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: சுற்றிலும் கறுப்பு, வளையின் சுவரில் மட்டும் மெல்லிய துருநிறப் படலம். வளைக்குள் போய்வரும் நீரிலுள்ள பிராணவாயு அங்கே இரும்பைத் துருவாக்கிவிடுகிறது.

சாக்கடை செய்வது, பாக்டீரியாக்களுக்கு விருந்து வைப்பது. இரும்பு பிடித்துக்கொள்ளும் அளவையும் தாண்டி சல்பைடு உண்டாகி வாயு வெளியேறுகிறது. ஆகவே நிறத்தை விடுங்கள், கிளறாமலேயே நாறுகிறதா என்று கவனியுங்கள். நாறினால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

எனக்கு அதைவிடக் கவலை தருவது தூர்வாருவது. காரீயம், காட்மியம், துத்தநாகம் போன்றவற்றை இந்தச் சல்பைடுதான் கரையவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. அள்ளிக் கரையில் கொட்டினால் காற்றுப் பட்டு அது கந்தக அமிலமாகிறது, உலோகங்களும் கழன்றுகொள்கின்றன. கேரளத்துக் குட்டநாட்டின் கரி நிலங்கள் இப்படி அமிலமேறியவைதான். அங்கே மண்ணின் பிஎச் மதிப்பு 4-க்கும் கீழே போவதுண்டு. விவசாயிகள் சுண்ணாம்பு போட்டுத்தான் நெல் பயிரிடுகிறார்கள்.