மைத்துனரின் பங்குக்கும் வட்டி கட்டுவது நீங்கள்தான்

கேள்வி: கோவையில் வேலை. எனக்கும் மனைவிக்குமாகக் கையில் வருவது மாதம் 92,000 ரூபாய். குழந்தைகளுக்கு வயது 6, 3. காலாண்டு விடுமுறை விட்டதிலிருந்து கார்த்திகை பிறக்கும்வரை நாங்கள் வீடு தங்குவதே அபூர்வம். மைசூர் தசரா, தீபாவளிக்குத் தென்காசி, ஐப்பசியில் சென்னையில் ஒரு கல்யாணம். மைத்துனர் குடும்பமும் கூடவே வரும். போன வருடம் எல்லாம் என் கிரெடிட் கார்டில் போட்டதில் 1,40,000 ஆகி, டிசம்பரில் அதை 18 மாத இ.எம்.ஐ.யாக மாற்றினேன். வட்டி 16%. அது இன்னும் ஓடுகிறது. அடுத்த சீசன் வந்துவிட்டது. தீபாவளி போனஸ் 40,000 வரும். ஒரு மாலில் 4.5 லட்சத்துக்கு 25 வருட ஹாலிடே மெம்பர்ஷிப் (வருடா வருடம் சில நாள் ரிசார்ட்டில் தங்கும் திட்டம்) சொன்னார்கள். சேரலாமா?

பதில்: போன வருடச் செலவுக் கணக்கையும் டோல், பெட்ரோல்வரை பிரித்து எழுதிக் கேள்வியோடு அனுப்பியிருக்கிறீர்கள். பட்ஜெட் போடச் சொல்லி உங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி உறுத்துகிறது: ‘மைத்துனர் பங்கு 48,000, கொடுத்துவிட்டார்.’

கொடுத்தார், சரி. ஐந்தாயிரம், மூவாயிரம் என்று பொங்கல்வரை கொடுத்தார் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணம் கார்டுக்குப் போகவில்லை. சேமிப்புக் கணக்கில் விழுந்து பாலுக்கும் பள்ளி வேனுக்கும் கரைந்தது. கடனோ முழு 1,40,000-க்கும் ஓடுகிறது. மாதம் சுமார் 8,800. பதினெட்டு மாதத்தில் 1,58,400. வட்டி மட்டும் 18,000-க்கு மேல். அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி., போதாததற்குப் பிராசஸிங் கட்டணம். மொத்தம் 23,000 என்று வையுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 8,000, மைத்துனர் வீட்டு உல்லாசத்துக்கு நீங்கள் கட்டும் வட்டி. அவருக்கே இது தெரியாது, பாவம்.

இந்த வருடமும் இதே கதை என்றால் டிசம்பரிலிருந்து மே வரை இரண்டு இ.எம்.ஐ., மாதம் 17,600.

மெம்பர்ஷிப்பா? வேண்டவே வேண்டாம். இலவசச் சாப்பாடு போட்டு, ‘இன்றே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி’ என்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். அறை மட்டும்தான் அதில் சேரும். பயணமும் சாப்பாடும் உங்கள் செலவு. வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் வேறு. அது ஏறிக்கொண்டே போகும். பள்ளி விடுமுறையில் எல்லா உறுப்பினர்களும் ஒரே நேரத்தில் அறை கேட்பார்கள். 4.5 லட்சம் உங்களிடம் உண்மையிலேயே இருந்து, 6.5% டெபாசிட்டில் போட்டால் வருடம் 29,000 சொச்சம் வட்டி. 4,500 ரூபாய் அறையில் ஆறு இரவு தங்கலாம், முதல் அப்படியே இருக்கும். உங்களிடம் அது இல்லை, அதற்கும் இ.எம்.ஐ. போடத்தான் போகிறீர்கள்.

இந்த வருடம் மைசூரை விடுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு யானை ஊர்வலம் நினைவில் நிற்காது. கூட்டத்தில் தூக்கிச் சுமந்த உங்கள் தோளுக்குத்தான் நினைவிருக்கும். தென்காசியும் சென்னையும் 70,000-க்குள் முடியட்டும்: போனஸ் 40,000, இந்த மாதம் தொடங்கி மாதம் 10,000 வீதம் மூன்று மாதம். சென்னைக்குப் போன முறை கடைசி நேரத்தில் ஆம்னி பஸ் பிடித்தீர்கள். ரயிலில் 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கிறது. குழந்தைகளுக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் சின்னவனுக்கு டிக்கெட்டே வேண்டாம், பெரியவளுக்குப் பாதிக் கட்டணம்.

மே மாதம் பழைய கடன் முடிந்ததும் அதே 8,800-ஐ ஜூனிலிருந்து தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டு வாருங்கள். செப்டம்பருக்குள் 35,000, போனஸைச் சேர்த்தால் 75,000. மைசூருக்கு அப்போது போகலாம்.

மைத்துனரிடம் பேச உங்கள் மனைவி தயங்குகிறார் என்கிறீர்கள். பணம் கேட்கச் சொல்லவில்லையே. ‘உங்கள் அறையையும் டிக்கெட்டையும் நீங்களே போட்டுவிடுங்கள், என் கார்டில் லிமிட் இல்லை’ என்று நீங்களே சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை, இ.எம்.ஐ. பாக்கி இருக்கும்வரை அந்த அளவு லிமிட் அடைபட்டுத்தான் கிடக்கும்.