வாழைக்காயை எப்படிப் பார்த்து வாங்குவது? எண்ணெயில் பொரிக்காமல் எப்படிச் சமைப்பது?

பாதிப் பதில் சந்தையிலேயே முடிந்துவிடும். காய் சரியாக அமைந்தால் எண்ணெய் தானாகக் குறைந்துவிடும்.

எனக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஊர். நெல்லும் மஞ்சளும் வாழையும் பார்த்து வளர்ந்தவள் என்பதால் வாழைக்காயில் ஏமாற மாட்டேன் என்ற நினைப்பு வெகுநாள் இருந்தது. ஒரு முறை அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு விருந்துக்கு, விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று நுனி லேசாக மஞ்சள் தட்டிய காய்களை வாங்கிப்போய்ப் பொடிமாஸ் செய்தேன். துருவியில் வைத்ததும் குழைந்தது, வாயில் வைத்ததும் இனித்தது. அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு, “பாயசத்துக்குக் கடுகு தாளிப்பது எந்த ஊர்ப் பழக்கம், அம்மிணி?” என்று கேட்டார்.

அதிலிருந்து காம்பிலும் நுனியிலும் துளி மஞ்சள் தெரிந்தாலும் தொடுவதில்லை. சமையலுக்கு மொந்தன் ரக வாழைக்காய்தான் சரி. பட்டை பட்டையாக விளிம்பு தெரிய வேண்டும். ஆனால் அந்த விளிம்பு கத்தி போலக் கூராக இருந்தால் பிஞ்சு, துவர்க்கும். முனை சற்று மழுங்கி, கையில் எடுத்தால் கனமாக, அழுத்தினால் கல் போல இருப்பதே பதம். காம்பை நகத்தால் கீறினால் பால் கசிய வேண்டும். கசியாவிட்டால் வெட்டிப் பல நாள் ஆன காய். சித்திரை, வைகாசிக் காற்றுக்கு மரம் சாய்ந்தால் முற்றாத தார்களும் சந்தைக்கு வந்துவிடும். அந்தச் சமயத்தில் சீப்பு மலிவாகக் கிடைத்தால் விளிம்பை ஒரு தடவைக்கு இரண்டு தடவை தடவிப் பாருங்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து நேந்திரன் சிப்ஸுக்கு அருமையான காய். பொரியலுக்கு எனக்குப் பிடிப்பதில்லை, கொஞ்சம் இறுக்கம்.

இனி அடுப்பு. பச்சைக் காயைத் தோல் சீவி, நறுக்கி, நேராக எண்ணெயில் போட்டு வதக்குகிறோம் பாருங்கள், அங்கேதான் தவறு. அது வேகும்வரை கேட்கிற எண்ணெயையெல்லாம் குடிக்கும். அதற்குப் பதில் தோலோடு கழுவி, இரண்டாக வெட்டி, இட்லிப் பானையில் ஆவியில் வையுங்கள். பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம். பச்சைத் தோல் கருத்து மங்கிவரும்; கத்தி நுனியால் குத்தினால் இறங்க வேண்டும், ஆனால் நடுவில் லேசாகத் தடுக்க வேண்டும். அதுதான் பதம். குக்கரில் வைத்தால் ஒரு விசிலிலேயே பதம் தப்பிவிடும்.

அவசரப்படாமல் முழுதாக ஆறவிடுங்கள். சூட்டோடு துருவினால் பசையாக ஒட்டும். ஆறியபின் தோல் சட்டை கழற்றுவது போல வந்துவிடும். துருவினால் புட்டு மாதிரி உதிரும். இரண்டு தேக்கரண்டி செக்குக் கடலை எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், நிறைய இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், ஒரு சிட்டிகை மஞ்சள் தாளித்து, துருவலைப் போட்டு இரண்டு புரட்டுப் புரட்டி, தேங்காய்ப்பூ தூவி இறக்குங்கள். எலுமிச்சை அடுப்பை அணைத்தபிறகுதான். இஞ்சியும் பெருங்காயமும் வாசனைக்கு மட்டுமல்ல, வாயுவுக்கும் சேர்த்துத்தான் என்பார் அமுச்சி.

ஆறவிடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. வெந்த மாவுச்சத்து ஆறும்போது அதில் ஒரு பங்கு மீண்டும் இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் நார்ச்சத்தைப் போலப் பெருங்குடலுக்குப் போய்விடும். அதற்காகச் சர்க்கரை உள்ளவர்கள் இதை மருந்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உருளைக்கிழங்கு மாதிரி இதுவும் மாவுக்காய்தான். எங்கள் வீட்டில் வாழைக்காய் வைக்கும் நாளில் அப்பாவுக்குச் சோறு ஒரு கரண்டி குறைவு. அவர் முகம் போகும் போக்கைத் தனியாக எழுத வேண்டும். பொட்டாசியமும் நிறைய உள்ள காய். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

புரட்டாசியில் கறி, மீன் இல்லாத மாதம் பூராவும் இதுதான் எங்களுக்கு மீன் வறுவல். முக்கால் பதம் ஆவியில் வெந்த காயைச் சாய்வாக வில்லை போட்டு, மிளகு, சீரகம், வரமிளகாய், மல்லி, பூண்டு அரைத்த விழுதைத் தடவி, தோசைக்கல்லில் ஓரத்தில் மட்டும் எண்ணெய் விட்டு நிதானமாகச் சுட வேண்டும். தீ கூடினால் மசாலா கரியும், காய் அப்படியே இருக்கும்.

வெந்த தோலை எறிந்துவிடாதீர்கள். நரம்பை உரித்துவிட்டுப் பொடியாக நறுக்கி, வறுத்த உளுந்து, வரமிளகாய், புளி, உப்போடு அம்மியிலோ மிக்ஸியிலோ அரைத்தால் துவையல்.

மிச்சக் காயைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள், தோல் கருத்துவிடும். ஒரு குடத்துத் தண்ணீரில் முங்கும்படி போட்டு, தினமும் தண்ணீரை மாற்றினால் சில நாள் பச்சையாகவே இருக்கும். மாம்பழக் கூடைக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். இரண்டே நாளில் அப்புச்சி சொன்ன பாயசம்தான்.