அந்த நோட்டீஸை அனுப்பாதீர்கள்

கேள்வி: திருப்பூரில் வீட்டிலேயே சிறு அலுவலகம் வைத்து, பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்து வருகிறேன். என் கம்ப்யூட்டரில் மதர்போர்டு போய்விட்டது. கடையில் வேறு போர்டு மாற்றினார்கள். எடுக்கப் போனால், டிஸ்க்கை ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டிருந்தார்கள். டேலி கணக்கு முழுவதும் போய்விட்டது. போட்ட விண்டோஸும் திருட்டு விண்டோஸ் என்று பிறகு தெரிந்தது. கேட்டதற்கு, “சீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கீங்கல்ல” என்று கடைக்காரர் விரட்டினார். மோசடிப் புகாரும், 10 லட்சம் கேட்டு நுகர்வோர் வழக்கும் போட விரும்புகிறேன். நானே எழுதிய நோட்டீஸை இணைத்துள்ளேன். சரியா?

பதில்: சரியில்லை. அனுப்பாதீர்கள்.

கடைக்காரர் பேசிய பேச்சு, அவர் மகன் மிரட்டியது, அக்கம்பக்கத்தார் முன்னால் பட்ட அவமானம் என்று கடிதத்தின் பெரும்பகுதி போகிறது. உங்கள் மனவருத்தம் புரிகிறது. ஆனால் அதில் எதுவும் வழக்குக்கு உதவாது. நுகர்வோர் ஆணையம் பார்க்கப்போவது ஒன்றைத்தான்: டிஸ்க்கை அழிக்கும் முன் உங்களிடம் கேட்டாரா, இல்லையா?

அதற்கான விடை, நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கும் வாட்ஸ்அப் குரல் பதிவில் இருக்கிறது. “புது போர்டு போட்டு ஆன் பண்ணா நீல ஸ்கிரீன்ல ஏதோ நம்பர் கேட்டுச்சு, அதான் ஃபார்மட் அடிச்சிட்டோம்” என்று அவரே சொல்கிறார். அது பிட்லாக்கர் பூட்டு; டிஸ்க்கில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. அதன் சாவி பழைய போர்டில் இருந்த டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சிப்போடு பிணைக்கப்பட்டது. போர்டு மாறியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பெரும்பாலும் அந்த எண் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். உங்கள் எண் இப்போதும் அங்கே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு போன் செய்திருந்தால் கணக்கு முழுவதும் தப்பியிருக்கும். போர்டு மாற்றத்தான் அனுமதி கொடுத்தீர்கள், அழிக்க அல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 2(11) பிரிவு சொல்லும் சேவைக் குறைபாடு இதுவே.

விண்டோஸ் விஷயமும் அதே பிரிவில்தான் வரும். உங்களுடையது விண்டோஸோடு வந்த பிராண்டட் கம்ப்யூட்டர். அந்த உரிமம் ஓ.இ.எம். வகை; பழைய போர்டோடு பிணைந்தது. பழுதான போர்டுக்குப் பதில் அதே மாடலோ, தயாரிப்பாளர் தரும் இணையான போர்டோ போட்டால் உரிமம் தொடரும். இவர் போட்டது வேறு கம்பெனி போர்டு. புதிய உரிமம் வாங்க வேண்டியிருக்கும் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் மறைத்ததையும் 2(11) குறைபாடாகவே கருதுகிறது.

“டேட்டாவுக்குக் கடை பொறுப்பல்ல” என்று சீட்டில் அச்சடித்திருப்பதை நினைத்துப் பயப்பட வேண்டாம். பழுது பார்க்கும்போது தானாக நேரும் இழப்புக்கு அதைக் காட்டி வாதாடலாம். தெரிந்தே அழிப்பதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. ஆனால் அந்த வரியை “நியாயமற்ற ஒப்பந்தம்” என்று தாக்கி எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். நியாயமற்ற ஒப்பந்தப் புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை; மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். உள்ளூரில் முடிய வேண்டியதற்குச் சென்னைக்கு நடக்க வேண்டிவரும்.

இப்போது, நோட்டீஸில் என்னை உண்மையிலேயே கவலைப்படுத்தியது நான்காவது பத்தி: “கடந்த இரண்டு மாதங்களாக இந்தத் திருட்டு விண்டோஸிலேயே என் வாடிக்கையாளர்களின் ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்யும் அவல நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளேன்.”

கடைக்காரரைக் குற்றம் சாட்டுவதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். படிப்பவருக்கு இது உங்கள் ஒப்புதல் வாக்குமூலம். பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63பி பிரிவு, உரிமமில்லாத மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துபவரைத் தண்டிக்கிறது: குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தாதவர் என்றால், சிறை இல்லாமல் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. அந்தச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது. தொழிலுக்குத்தான் பயன்படுத்தினேன் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். தெரியாமல் பயன்படுத்திய நாட்களுக்குப் பிரச்சினை இல்லை. தெரிந்த பிறகு ஓட்டும் ஒவ்வொரு நாளும் பிரச்சினை.

போலீஸுக்குப் போனால் இன்னும் மோசம். மோசடி என்றால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். மெஷினை ஓட வைக்க அவசரப்பட்டு ஃபார்மட் அடித்தவரிடம் அதைக் காட்டுவது கடினம். புகார் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடும். “திருட்டு விண்டோஸ் போட்டார்” என்ற பகுதியை எடுத்துக்கொண்டால் அது பதிப்புரிமை மீறலைத் தண்டிக்கும் அதே சட்டத்தின் 63-வது பிரிவு. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் அது என்று 2022-ல் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதில் சப்-இன்ஸ்பெக்டர் நினைத்தால் வாரண்ட் இல்லாமலே திருட்டுப் பிரதிகளைக் கைப்பற்றலாம். அந்தப் பிரதி எங்கே இருக்கிறது? உங்கள் மேஜை மேல் இருக்கிற கம்ப்யூட்டரில். புகார் கொடுக்கப் போனவரின் சிபியூவே வழக்குச் சொத்தாக நீதிமன்ற அறைக்குப் போய்ச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ரிட்டர்ன் தேதி அதற்காகக் காத்திருக்காது.

அதே கோபத்தில், “பல கோடி ரூபாய் வணிகம் என் கையில் நடக்கிறது” என்றும் எழுதியிருக்கிறீர்கள். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் நுகர்வோரே அல்ல. சுயதொழிலால் பிழைப்பு நடத்துபவருக்குத்தான் விலக்கு. நீங்கள் அந்த விலக்குக்குள் வருபவர். ஒரு பெருமைப் பேச்சால் அதை விட்டு வெளியே வந்துவிடாதீர்கள்.

ஆகவே இதைப் படித்ததும் அந்த கம்ப்யூட்டரை அணையுங்கள். வேறு டெக்னீஷியனை வைத்து டிஸ்க்கைக் கழற்றி, சாட்சி ஒருவர் முன்னிலையில் உறையிலிட்டு ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள். வேறு டிஸ்க் வாங்கி, பில்லோடு ஒரிஜினல் விண்டோஸ் போட்டு வேலையைத் தொடருங்கள். இதனால் 63பி சிக்கலும் மேலும் வளராது, சாட்சியமும் பிழைக்கும். சோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஆணையம் நினைத்தால் அனுப்ப ஏதாவது இருக்க வேண்டும். இரண்டு மாதம் மேலே மேலே எழுதிய டிஸ்க்கில் ஏற்கெனவே பாதி போயிருக்கும். “கொண்டு வாங்க, ரெக்கவரி பண்ணித் தர்றோம்” என்று அதே கடை கூப்பிட்டால் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துவிட்டு வெறுங்கையோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. பழைய மதர்போர்டு உங்கள் சொத்து. அதையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். குரல் பதிவு இருக்கும் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

10 லட்சம் கிடைக்காது. பேக்கப் வைத்திருந்தீர்களா என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வி. இழப்பைக் குறைக்கக் கையில் இருந்த வழியைப் பயன்படுத்தினீர்களா என்பதை ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவும் பார்க்கச் சொல்கிறது. தாக்கல் செய்த ரிட்டர்ன்கள் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் இருக்கின்றன, பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கிறது, பில்கள் கம்பெனிகளிடம் இருக்கின்றன. அவற்றை வைத்து மறுபடி பதிவேற்ற ஆகும் கூலி உங்கள் உண்மையான நஷ்டம். ஆள் வைத்துச் செய்யுங்கள், ரசீது வாங்குங்கள். அந்தத் தொகையை எந்த ஆணையத்திலும் நிரூபிக்கலாம்.

என் யோசனை: சமரசம் செய்துகொள்ளுங்கள். போர்டு வேலைக்கும் “ஓ.எஸ். லோடிங்” என்று பில் போட்டதற்கும் கொடுத்த 11,000 ரூபாயைத் திருப்பித் தரட்டும், ஒரிஜினல் விண்டோஸின் விலையும் பதிவேற்றக் கூலியும் தரட்டும். குரல் பதிவு உங்களிடம் இருப்பது அவருக்குத் தெரிந்தால் பேச்சுக்கு வருவார். திருட்டு விண்டோஸை ஒரிஜினல் போல ஓட வைக்கும் ஆக்டிவேட்டர் போட்டுக் கொடுக்கும் கடைக்காரர் ஆணையத்தின் முன் நிற்க விரும்ப மாட்டார். போலீஸைக் காட்டிப் பேரம் பேசாதீர்கள். அது உங்கள் மேல் திரும்பும். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே தீர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

மறுத்தால் வழக்குப் போடலாம். அவர் ஃபார்மட் செய்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. அப்போது நோட்டீஸ் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்: எதற்குக் கொடுத்தேன், கேட்காமல் எதைச் செய்தார், அவரே அதை எப்போது ஒப்புக்கொண்டார், விண்டோஸ் போலி என்று எனக்கு எந்தத் தேதியில் தெரிந்தது, எந்தத் தேதியில் பயன்படுத்துவதை நிறுத்தினேன், செலவு எவ்வளவு. அந்த இரு தேதிகளையும் உள்ளபடியே எழுதுங்கள். இடைவெளி கூடக் கூட உங்களுக்குத்தான் சிக்கல். அதனால்தான் இன்றே அணைக்கச் சொல்கிறேன்.