டோன்ஃபா (பக்கவாட்டில் கைப்பிடி கொண்ட, ஜப்பானின் ஒகினாவா தீவைச் சேர்ந்த தற்காப்புக் கலைக் கட்டை) சுழற்றும்போது முழங்கையில் இடிப்பது ஏன்? என்ன அளவில் வாங்க வேண்டும்?

முதலில் அளவைப் பாருங்கள். கைப்பிடியைப் பிடித்து, நீளக் கட்டையை முன்கையின் அடிப்பக்கத்தோடு ஒட்டி வையுங்கள். பின்முனை முழங்கையைத் தாண்டி 2 முதல் 3 செ.மீ. நீண்டிருந்தால் சரி. பெரியவர்களுக்கு மொத்த நீளம் பெரும்பாலும் 50 செ.மீ. அளவில் வரும். குட்டையாக இருந்தால் தடுக்கும்போது அடி நேராக முழங்கை எலும்பில் விழும்; அதிகம் நீண்டால் திரும்பி வரும்போது மேற்கையில் மாட்டும்.

அளவு சரியாக இருந்தும் இடித்தால், குறை பிடியில்தான். சுழலும்போது கைப்பிடி உள்ளங்கைக்குள் தளர்வாக உருள வேண்டும். அடி போய்ச் சேரும் கணத்தில் மட்டும் சுண்டுவிரல் பக்கத்திலிருந்து இறுக்குங்கள். தொடக்கம் முதலே இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு மடங்கி, கட்டை முன்கையின் கோட்டை விட்டு விலகும். பிறகு முழங்கையில்தான் வந்து மோதும். வேகத்தைத் தோளும் இடுப்பும் தரட்டும்.

ஓக் மரம் நல்லது. துளையில் பொருந்தியிருக்கும் கைப்பிடியை அவ்வப்போது ஆட்டிப் பாருங்கள்; லேசாக ஆடினாலும் பயன்படுத்தாதீர்கள். ஒகினாவா மரபில் இது இரட்டையாகவே பழகப்படுகிறது, ஆனால் ஒரு கை பழகும்வரை இரண்டாவதைத் தொட வேண்டாம்.