கட்சி சாராத நான் சிங்கப்பூரில் மேயர் ஆக முடியுமா?

கேள்வி: நான் ஈசூனில் வசிக்கும் 46 வயது சிங்கப்பூர்க் குடிமகன். தளவாடத் துறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எந்தக் கட்சியிலும் சேர்ந்ததில்லை. தைப்பே நகரில் அரசியலுக்குத் தொடர்பில்லாத மருத்துவர் ஒருவர் மேயர் ஆனதைப் படித்ததிலிருந்து, என் வட்டார மேயர் பதவிக்கு நானும் போட்டியிட வேண்டும் என்ற எண்ணம் வலுத்துவிட்டது. 6,000 வெள்ளி கொடுத்தால் வேட்புமனு, ஆதரவாளர் கையெழுத்து, சமூகச் சான்றிதழ் அனைத்தையும் முடித்துத் தருவதாக அறிமுகமானவர் ஒருவர் சொல்கிறார். நிரந்தரவாசியான என் மைத்துனர் 10,000 வெள்ளி தரத் தயாராக இருக்கிறார். 2025 பொதுத்தேர்தலின்போது வேலை நிமித்தம் துபாயில் இருந்ததால் நான் வாக்களிக்கவில்லை. இதில் ஏதும் சிக்கல் உண்டா?

பதில்: முதலில், அந்த 6,000 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். அவர் விற்க முன்வருவனவற்றில் ஒன்று இலவசமாகக் கிடைப்பது, ஒன்று விலைக்கு வாங்கவே முடியாதது, மற்றொன்று உங்களுக்குத் தேவையே இல்லாதது.

மேயர் பதவியைப் பொறுத்தவரை, சிங்கப்பூரில் அதற்குத் தேர்தல் கிடையாது. ஐந்து சமூக மேம்பாட்டு மன்றங்களுக்கு ஐந்து மேயர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஈசூன் வடமேற்கு மன்றத்தில் அடங்கும். மேயர்கள் மக்கள் கழகம் என்னும் அரசு அமைப்பின் வழி நியமிக்கப்படுபவர்கள். நடைமுறையில் ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்களிலிருந்தே அவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். 1957ஆம் ஆண்டு நகர மன்றத் தேர்தலுக்குப் பின் மேயரான ஒங் எங் குவானைக்கூட மன்ற உறுப்பினர்கள்தாம் தேர்ந்தெடுத்தார்களே தவிர, வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே லண்டனிலும் தைப்பேயிலும் நடப்பதுபோல் மேயர் பதவிக்கென்று ஒருவர் மனுத் தாக்கல் செய்யும் வழி இங்கே இல்லை. நாம் மாதந்தோறும் காய்கறி வாங்கச் செலவிடும் பற்றுச்சீட்டில் பெயர் தாங்கி நிற்கும் இந்தச் சமூக மேம்பாட்டு மன்றங்களின் தலைமைப் பொறுப்பில் யார் இருக்க வேண்டும் என்று நம்மிடம் யாரும் கேட்பதில்லை என்பது எனக்குப் பல ஆண்டுகளாக உள்ள மனக்குறை.

தைப்பே உதாரணத்தையும் முழுமையாகப் பார்க்க வேண்டும். அறுவைச் சிகிச்சை நிபுணரான கோ வென்-ஜே 2014இல் கட்சி சாராதவராக நின்று வென்றது உண்மை. ஆனால் அந்தத் தேர்தலில் முக்கிய எதிர்க்கட்சி தன் வேட்பாளரை நிறுத்தாமல் அவருக்கு வழிவிட்டது. பெரிய கட்சி ஒன்று ஒதுங்கி நின்றபோதுதான் வெளியாள் ஒருவருக்குப் பெருநகரத்தின் கதவு திறந்தது என்பதை அந்த வெற்றியைப் பற்றிப் பேசுபவர்கள் சொல்வதில்லை.

உங்களுக்கு எஞ்சியிருப்பது சுயேச்சை வேட்பாளராக நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பதே. உங்கள் ஈசூன் வீடு நீ சூன் குழுத்தொகுதியில் இருந்தால் அங்கே தனியாளாக நிற்க முடியாது, ஐவர் கொண்ட குழு வேண்டும். ஆனால் நீங்கள் வசிக்கும் தொகுதியில்தான் நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஓர் உறுப்பினரை மட்டும் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதிகள் 2025 தேர்தலில் 15 இருந்தன, அவற்றில் எதில் வேண்டுமானாலும் ஒரு சிங்கப்பூரர் நிற்கலாம். உங்களை முன்மொழிபவர், வழிமொழிபவர், குறைந்தது நான்கு ஆதரவாளர்கள் ஆகிய ஆறு பேரும் அந்தத் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. நாடாளுமன்ற வேட்பாளருக்கு நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஏதேனும் ஒன்றைப் பேச, படிக்க, எழுதத் தெரிந்திருந்தால் போதும். தமிழ் மட்டும் தெரிந்தவரும் தகுதியுடையவரே. ஆங்கிலத் தேர்வு ஒன்று உண்டு, அதற்குப் பயிற்சி தருகிறேன் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது உங்கள் துபாய் விஷயத்துக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் கடிதத்தில் நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் முதலில் தீர்க்கப்பட வேண்டியது. வாக்களிக்கத் தவறியவரின் பெயர் வாக்காளர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அடுத்த தேர்தலில் வாக்களிக்கவும் முடியாது, வேட்பாளராக நிற்கவும் முடியாது. பெயரைத் திரும்பச் சேர்ப்பது எளிது. தேர்தல் துறையின் இணையத்தளத்தில் அரசின் மின்னடையாளச் சேவையான சிங்பாஸ் மூலம் நுழைந்து, வெளிநாட்டில் வேலை பார்த்ததைக் காரணமாகக் காட்டி விண்ணப்பித்தால் போதும். அது ஏற்கத்தக்க காரணம் என்பதால் கட்டணம் இராது. ஏற்கத்தக்க காரணம் இல்லாதவர்கள் 50 வெள்ளி கட்ட வேண்டும். ஆனால் தேர்தல் ஆணை பிறப்பிக்கப்பட்டுவிட்டால் அந்தத் தேர்தல் முடியும்வரை பெயரைச் சேர்க்க மாட்டார்கள். 2025இல் ஏப்ரல் 15ஆம் தேதி ஆணை வந்தது, 23ஆம் தேதி வேட்புமனுத் தாக்கல் நடந்தது. ஆணை வந்த பிறகு விழித்துக்கொண்டவருக்கு அந்த எட்டு நாளில் எந்த வழியும் இல்லை. இதே விதி உங்களுக்காகக் கையெழுத்திடும் ஆறு பேருக்கும் பொருந்தும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அவர்களில் ஒருவர் சென்ற முறை காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்து, பிறகு அதை மறந்தே போயிருப்பார். அவருடைய கையெழுத்து செல்லாது, அவரோடு உங்கள் மனுவும் விழும். ஆகவே ஆறு பேரிடமும் கூச்சப்படாமல், பதிவேட்டில் தம் பெயர் இருப்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். நல்ல நண்பரிடம் இப்படிக் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். நான்கு ஆதரவாளர் என்பது குறைந்தபட்சம் என்பதால் கூடுதலாக இருவரைத் தயாராக வைத்திருப்பது இன்னும் நல்லது.

இதிலிருந்தே அந்த இடைத்தரகர் சொல்லும் கையெழுத்துச் சேவை எவ்வளவு பொய்யானது என்பது விளங்கும். ஒரு தாளில் கையெழுத்து வாங்கித் தந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. வேட்புமனு நாளன்று காலை 11 மணி முதல் நண்பகல் 12 மணிக்குள் நீங்கள் நேரில் மனுவைக் கொடுக்கும்போது அந்த ஆறு பேரும் உங்கள் அருகில் இருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு கையெழுத்திட்ட முன்பின் தெரியாத ஒருவர் வேலை நாள் ஒன்றில் விடுப்பெடுத்துக்கொண்டு உங்களுக்காக அங்கே வந்து காத்திருப்பாரா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நேரத்தைப் பொறுத்தவரை அதிகாரிகள் ஒரு நிமிடமும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 2011இல் தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில் நிற்க வந்த சுயேச்சைக் குழு 35 விநாடி தாமதமாக மனுவைக் கொடுத்ததால் அது ஏற்கப்படவில்லை, அந்தத் தொகுதியில் போட்டியே இல்லாமல் போனது. வேட்புமனுப் படிவங்களைத் தேர்தல் துறையே வழங்குகிறது, அவற்றுக்கு விலை இல்லை. அவர் சொல்லும் சமூகச் சான்றிதழ், குழுத்தொகுதியில் சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த வேட்பாளராக நிற்பவர் அதற்கென உள்ள குழுவிடம் பெற வேண்டியது. தனித்தொகுதியில் நிற்கும் தமிழருக்கு அது வேண்டியதில்லை. இந்தப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவர், நம் மக்களுக்கு விதிமுறை தெரியாது என்ற ஒரே நம்பிக்கையில் தொழில் நடத்துகிறார். அவரைப் போன்றவர்கள்மீது எனக்குள்ள கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

அடுத்து உங்கள் மைத்துனரின் பணம். அதை வாங்க முடியாது. வேட்பாளருக்கு நன்கொடை தரத் தகுதியுள்ள தனிநபர் 21 வயது நிறைந்த சிங்கப்பூர்க் குடிமகன் மட்டுமே. நிரந்தரவாசி எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தாலும், தேசியச் சேவை செய்த மகன்களைப் பெற்றிருந்தாலும், இந்த விஷயத்தில் வெளிநாட்டவர்தான். அந்தப் பணத்தை உங்கள் மனைவியின் கணக்கில் போட்டு அவர் தந்ததாகக் காட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்த ஆளிடமிருந்தும் விலகி நில்லுங்கள். பணம் யார் கை வழியாக வந்தாலும், சட்டம் அதன் உண்மையான உரிமையாளரைத்தான் கணக்கில் எடுக்கும். காசாக இல்லாமல் பொருளாகவோ சலுகையாகவோ வருவதும் நன்கொடையே. ஜொகூரில் அச்சகம் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் உங்கள் பதாகைகளைப் பாதி விலைக்கு அடித்துத் தந்தால், விட்டுக்கொடுத்த பாதி நன்கொடையாகிவிடும். நம் குடும்பங்களில் ஒருவருக்கு ஒருவர் கைகொடுப்பது எல்லைக்கோடு பார்த்து நடப்பதில்லை, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மைத்துனர் உங்களோடு வீடு வீடாக வந்து துண்டுப்பிரசுரம் கொடுக்கவும் கூடாது. வேட்புமனு நாளுக்கு முன்பே நன்கொடைகளைப் பற்றிய உறுதிமொழியைத் தாக்கல் செய்து அரசியல் நன்கொடைச் சான்றிதழ் பெற வேண்டும். அது இல்லாமல் மனு ஏற்கப்படாது. பெயர் சொல்லாதவர்கள் தரும் தொகை மொத்தத்தில் 5,000 வெள்ளிக்குக் கீழே இருக்க வேண்டும். உண்டியல் வைக்கும் எண்ணம் இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025இல் வைப்புத்தொகை 13,500 வெள்ளி. செல்லுபடியாகும் வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அது திரும்பி வராது. பிரசாரச் செலவுக்கு உச்சவரம்பு வாக்காளர் ஒருவருக்கு 5 வெள்ளி, அதாவது 25,000 வாக்காளர் கொண்ட தனித்தொகுதியில் 125,000 வெள்ளி. அவ்வளவையும் செலவிட வேண்டும் என்பதில்லை. 2025இல் இரண்டு சுயேச்சைகள் நின்றார்கள். மவுண்ட்பேட்டனில் ஆளுங்கட்சியை நேருக்கு நேர் சந்தித்த ஜெரமி டான் சுமார் 36 விழுக்காடு வாக்கு பெற்றார். ராடின் மாஸ் மும்முனைப் போட்டியில் நின்றவருக்கு சுமார் 7 விழுக்காடே கிடைத்தது, வைப்புத்தொகையும் போனது. வேறு எதிர்க்கட்சி நிற்கிறதா இல்லையா என்பது உங்கள் உழைப்பைவிடப் பெரிய காரணமாக அமையக்கூடும் என்பதை இந்த இரண்டு எண்களிலிருந்தே காணலாம். சுதந்திரத்துக்குப் பிறகு எந்தச் சுயேச்சையும் நாடாளுமன்றத் தொகுதியை வென்றதில்லை.

எந்தத் தனித்தொகுதியில் இப்போதிருந்து வேலை செய்வது என்று நீங்கள் அடுத்து கேட்பீர்கள். இதற்கு என்னால் உறுதியான பதில் தர முடியாததற்குக் காரணம் நம் முறையே. 2025இல் தொகுதி எல்லைகள் பற்றிய அறிக்கை மார்ச் 11ஆம் தேதி வெளிவந்தது, ஆறு வாரத்தில் வேட்புமனு நாள் வந்துவிட்டது. புக்கிட் பாத்தோக், யூஹுவா, மெக்பர்சன் போன்ற தனித்தொகுதிகள் குழுத்தொகுதிகளுக்குள் சேர்க்கப்பட்டன. ஒரு கட்சி தன் தொண்டர்களை வேறு தொகுதிக்கு அனுப்பிச் சமாளித்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் ஒரே வட்டாரத்தில் படியேறி மக்களைச் சந்தித்த தனியாள் என்ன செய்வார்? பிரசாரத்துக்குக் கிடைப்பதோ ஒன்பது நாள். வெளியாட்களை வரவேற்கும் நோக்கத்துடன் இந்தக் கால அட்டவணை அமைக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே அருகருகே உள்ள இரண்டு தனித்தொகுதிகளில் ஆதரவாளர்களைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மறைந்தாலும் மற்றொன்று எஞ்சலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது பதிவேட்டில் உங்கள் பெயரைத் திரும்பச் சேர்க்க விண்ணப்பிப்பது. மைத்துனரிடம் பணம் வேண்டாம் என்று நேரிலேயே சொல்லிவிடுங்கள், குறுஞ்செய்தியில் அனுப்பினால் மனத்தாங்கல் வரும். கணக்குவழக்கில் கறாரான, பொறுமையுள்ள ஒரு குடிமகனைத் தேர்தல் முகவராக இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் செலவு எல்லாம் அவர் வழியாகவே செல்ல வேண்டும். முடிவு அரசிதழில் வெளியான 31 நாளுக்குள் ரசீதுகளோடு கணக்கு தாக்கல் செய்வது வென்றவருக்கும் தோற்றவருக்கும் ஒரே கடமை. அதைத் தவறவிட்டவர் அடுத்த முறை நிற்கும் தகுதியையே இழக்கலாம், அந்தச் சமயத்தில் 6,000 வெள்ளி வாங்கியவரின் கைப்பேசி அணைந்திருக்கும்.