மணியாச்சியில் இறங்கிப் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: நெல்லையிலிருந்து தூத்துக்குடி போகும்போதெல்லாம் வண்டி மணியாச்சியில் நெடுநேரம் நின்றுவிடுகிறது. சுற்றிலும் வெறும் காடு. பிள்ளைகளோடு இறங்கிப் பார்க்க அங்கே ஏதாவது இருக்கிறதா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாக இறங்குங்கள். வண்டி ஏன் நிற்கிறது என்பதே பார்க்க வேண்டிய விஷயம்தான். மதுரையிலிருந்து வரும் பாதை மணியாச்சியைத் தாண்டியதும் கவட்டை மாதிரி பிரிந்து, ஒரு கிளை நெல்லைக்கும் இன்னொன்று தூத்துக்குடிக்கும் போகிறது. அதனால் நெல்லையிலிருந்து வரும் வண்டி தூத்துக்குடி போக, வந்த பக்கமாகவே திரும்ப வேண்டும். எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாகக் கொண்டுபோய் மறுமுனையில் மாட்டுவார்கள். கப்ளிங் என்னும் இணைப்பை மாட்டுகிறவர் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே குனிந்து நுழைந்து வெளியே வரும்வரை என் தம்பி மகன் மூச்சுவிடாமல் பார்த்தான். வண்டி கிளம்பியதும், "பெரியப்பா, நாம ஊருக்கே திரும்பிப் போறோமா?" என்றான்!

சரி, இப்போது 1911 ஜூன் 17-க்கு வாருங்கள். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் மனைவியோடு கொடைக்கானலுக்குக் கிளம்பினார். கொழும்புக் கப்பலில் வந்தவர்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து சென்னை போகும் போட் மெயில் ரயில் மணியாச்சிக்கு வரும்வரை அவர் பெட்டியிலேயே காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அந்தக் கப்பல் தூத்துக்குடிக்குத்தான் வரும். தனுஷ்கோடி வழி வந்தது 1914-இல். அந்தக் காத்திருப்பில்தான் செங்கோட்டை வாஞ்சிநாதன் முதல் வகுப்புப் பெட்டிக்குள் ஏறி ஆஷைச் சுட்டார். அப்புறம் பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து தன்னையும் சுட்டுக்கொண்டார். கிளைகள் கூடும் இடம் இது என்பதால்தான் அந்தப் பெட்டி அங்கே நின்றது. பாடப்புத்தகம் தேதியைச் சொல்லும், இதைச் சொல்லாது.

ஊர்ப் பலகையில் 'வாஞ்சி மணியாச்சி' என்றே எழுதியிருக்கும். எல்லோரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு ஏறிவிடுகிறார்கள். நீங்கள் பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்து போய், பாதைகள் பிரியும் பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தண்டவாளத்தில் மட்டும் இறங்க வேண்டாம்; அடுத்த பிளாட்பாரத்துக்கு மேம்பாலம் வழியாகவே போங்கள்.

பஸ்ஸிலோ காரிலோ போனால் பிளாட்பாரம் டிக்கெட் போதும். பத்து ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். ஆனால் நெல்லையில் பாசஞ்சர் ஏறிப் போவதுதான் உத்தமம். திரும்பும் வண்டி எப்போது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், கையில் தண்ணீரும் இருக்கட்டும். வெயில் நேரத்தில் அங்கே காத்திருப்பது பெரியவர்களுக்கே சிரமம்.