போர்முனையிலிருந்து வீடு வந்த பொருள்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: தாத்தா பர்மா போர்முனையிலிருந்து கொண்டுவந்த ஜப்பானியக் கொடி ஒன்று பெட்டியில் கிடைத்தது. வெள்ளைப் பட்டு, நடுவே சிவப்பு வட்டம், சுற்றிலும் கறுப்பு மையில் எழுத்துகள். ஆங்காங்கே பழுப்புக் கறை. துவைத்து, இஸ்திரி போட்டு, சட்டமிட்டு மாட்டலாமா?

பதில்: துவைக்காதீர்கள், இஸ்திரியும் போடாதீர்கள். சிவப்புச் சாயம் தண்ணீர் பட்டதும் வெள்ளைப் பட்டில் பரவிவிடும். நாள்பட்ட பட்டு மடிப்புக் கோட்டில்தான் முதலில் கிழியும். அந்த மடிப்பின் மேல் சூடான இஸ்திரியை அழுத்தினால் கொடி கையோடு இரண்டாக வந்துவிடும். கறை ரத்தமாக இருந்தாலும் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

பெரிய மேசையில் சுத்தமான பருத்தித் துணி விரித்து, கொடியை மெதுவாகப் பிரித்து வையுங்கள். 8 செ.மீ. அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள அட்டைக் குழாயில் அமிலமில்லாத டிஷ்யூ தாளைச் சுற்றுங்கள். அதன் மேல் கொடியையும் இன்னொரு தாளையும் சேர்த்துத் தளர்வாக உருட்டுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும் என்பதால் அது வேண்டாம். செல்லோ டேப்பின் பசை பட்டில் ஊறிப் பழுப்பேறும். பிறகு எடுக்கவே முடியாது. சட்டமிட்டே ஆகவேண்டும் என்றால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். அருங்காட்சியகங்கள் இத்தகைய துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் காட்டுவதில்லை.

அந்த எழுத்துகளைப் பற்றியும் சொல்லவேண்டும். படைக்குப் புறப்படும் இளைஞனுக்கு வீட்டாரும் நண்பர்களும் அண்டை வீட்டுக்காரர்களும் கையெழுத்திட்டுக் கொடுத்த கொடி இது. பெயர் யோசெகாகி ஹினோமாரு. பெரிதாக எழுதிய நான்கு எழுத்துகள் பெரும்பாலும் ‘புஉன் சோக்யூ’, அதாவது ‘போரில் உன் நற்பேறு நீடிக்கட்டும்’. ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சற்றுப் பெரிய எழுத்தில் ஒரு பெயரும் அதன் முடிவில் ‘குன்’ என்ற ஒட்டும் இருந்தால், அதுவே கொடிக்குரியவரின் பெயர். அந்தக் குடும்பத்துக்கு எலும்புகூடத் திரும்பி வராமல் போயிருக்கலாம். அப்படியானால் அவர் கையில் இருந்ததாக எஞ்சியது இந்தத் துணி ஒன்றே. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இயங்கும் ஓபோன் சொசைட்டி இத்தகைய கொடிகளின் எழுத்தைப் படித்து, உறவினரைத் தேடிச் சேர்க்கிறது. கொடியை விரித்தபடி நேர்மேலிருந்து ஒரு படமும், எழுத்துகளை நெருங்கி எட்டுப் பத்துப் படங்களும் எடுத்து அனுப்புங்கள். எங்களைக் கேட்டால், கொடுத்துவிடுங்கள் என்றே சொல்வோம்.

கேள்வி: கொல்லையறையில் பித்தளை ஷெல் ஒன்று பூ ஜாடிபோல நிற்கிறது. பக்கத்தில் கூம்பு முனையோடு இரும்புக் குண்டு ஒன்றும் இருக்கிறது. நூறு வருடம் ஆன பொருள், இனி வெடிக்காது என்கிறார்கள். பாலிஷ் போடலாமா?

பதில்: இரண்டும் வேறுவேறு சங்கதி. பித்தளை உறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே காலியாக இருந்து, அடித்தட்டின் நடுவிலுள்ள பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஊசி அடித்த குழி தெளிவாகத் தெரிந்தால், அது சுட்டு முடிந்த வெற்று உறை. முதல் உலகப் போர்க் காலத்தில் இத்தகைய உறைகளில் பூவேலை செதுக்கி ஜாடியாக்கினார்கள். அடித்தட்டில் அச்சிட்ட எண்களும் ஆண்டும் தேயும்படி பாலிஷ் போடாதீர்கள். பிரைமர் வழவழவென்று குழியில்லாமல் இருந்தால் அதையும் கீழே சொல்லும் குண்டைப் போலவே நினைத்துக்கொள்ளுங்கள்.

இரும்புக் குண்டைத் தொடவே கூடாது. பழசானால் வெடிமருந்து செத்துவிடும் என்பது உயிரைப் பறிக்கும் நம்பிக்கை. முதல் உலகப் போர்க் குண்டுகள் பலவற்றில் பிக்ரிக் அமிலம் என்ற வெடிமருந்தை நிரப்பினார்கள். அது உலோகத்தோடு சேர்ந்து பிக்ரேட் உப்புகளாக மாறும்போது, உரசலுக்கும் தட்டலுக்கும்கூட வெடிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. வயதாக ஆக ஆபத்துதான் கூடுகிறது. உள்ளே வெடிமருந்து இல்லை என்று பெயிண்டில் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள், பெயிண்டை யாரும் பின்னால் அடித்திருக்கலாம். நகர்த்தாதீர்கள், வாளித் தண்ணீரில் போடாதீர்கள், முனையைத் திருகாதீர்கள். காரில் வைத்துக் காவல் நிலையத்துக்கு எடுத்துப் போவதுதான் பலரும் செய்யும் தவறு. வீட்டிலுள்ள எல்லாரையும் வெளியேற்றிவிட்டு, தள்ளி நின்று காவல்துறைக்குப் போன் செய்யுங்கள். வெடிகுண்டு நிபுணர்கள் வருவார்கள்.

கேள்வி: சரணடைந்த ஜப்பானிய அதிகாரியிடமிருந்து பெற்ற வாள். அலகில் துருப்புள்ளிகள். பட்டறையில் கொடுத்துத் தீட்டிவிடலாமா?

பதில்: சாணைக்கல் பக்கமே போகாதீர்கள். பட்டறைச் சக்கரத்தின் சூடு பதத்தைக் கெடுக்கும். கூர்ப்பக்கத்தில் அலைபோல ஓடும் வெண்கோடும் அழியும். அந்தக் கோடுதான் வாளின் கைரேகை.

முதலில் இது எந்த வகை என்று பாருங்கள். கைப்பிடியே வார்த்த அலுமினியமாக இருந்து, கயிறு சுற்றியதுபோல பெயிண்ட் அடித்து, அலகில் வரிசை எண் வெட்டியிருந்தால் அது 1935இல் வந்த 95ஆம் வகை. அதிகாரிகளுக்குக் கீழ்நிலையிலிருந்தவர்களுக்கு ஆலையில் செய்து கொடுத்தது. கைப்பிடியை ஒரு திருகாணி பிடித்திருக்கும், அதைக் கழற்றவேண்டிய அவசியமில்லை. உண்மையாகவே கயிறு சுற்றிய கைப்பிடியானால் அதிகாரியின் வாள். ஆலையில் அடித்ததும் இருக்கலாம், பல நூற்றாண்டுப் பழைய குடும்ப வாளுக்குப் படை உறை மாட்டியதும் இருக்கலாம். விடை கைப்பிடிக்குள் இருக்கிறது.

கைப்பிடியில் குறுக்கே ஒரு சிறு மூங்கில் ஆணி இருக்கும் (சிலவற்றில் இரண்டு). அதன் மெல்லிய முனைப் பக்கத்திலிருந்து பித்தளைக் கம்பியால் மெல்லத் தட்டித் தள்ளுங்கள். பின் வாளின் நுனி மேலே பார்க்க, கூர் உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்க, இடக்கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த மணிக்கட்டில் வலக்கை முஷ்டியால் தட்டினால் அலகு நெகிழும். காவல் தட்டின் இருபுறமும் உள்ள பித்தளை வளையங்கள் வரிசை மாறினால் திரும்பப் பொருந்தாது, ஆகவே ஒவ்வொன்றையும் கழற்றும்போதே படமெடுங்கள். அலகின் வால் பகுதியில் கொல்லரின் பெயரோ முத்திரையோ வெட்டியிருக்கலாம். அங்கே படிந்த கருந்துருவை ஒருபோதும் தேய்க்காதீர்கள். அறிந்தவர்கள் வயதைக் கணிப்பது அந்தத் துருவின் நிறத்தை வைத்தே. கழற்ற மறுத்தால் விட்டுவிடுங்கள். சுத்தியலால் அடித்துப் பிளந்த கைப்பிடிகள் ஏராளம்.

அலகுக்கு, தூய ஆல்கஹால் தோய்த்த மென்மையான டிஷ்யூவால் முதுகுப் பக்கமிருந்து பிடித்து, கைப்பிடியிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் துடையுங்கள். காய்ந்ததும் வாசனை சேர்க்காத மினரல் ஆயிலை மெல்லிய படலமாகப் பூசுங்கள், இரண்டு மூன்று சொட்டே போதும். வெறும் விரல் படக்கூடாது, வியர்வை உப்பு சில நாளில் ரேகையோடு துருவாகிவிடும். துருப்புள்ளிகளுக்கு இதற்கு மேல் எதையும் வீட்டில் செய்யாதீர்கள்.

கேள்வி: இருட்டில் ஒளிரும் ராணுவத் திசைகாட்டி. இப்போது ஒளிரவில்லை. திறந்து சரிசெய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் காலப் பூச்சில் ரேடியம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒளி மங்கியது உடனிருந்த துத்தநாக சல்பைடு தேய்ந்துபோனதால்; ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு, கதிர்வீச்சு அப்படியேதான் இருக்கிறது. மூடி உடையாதவரை தனி டப்பாவில், காற்றோட்டமான, ஆள் புழங்காத இடத்தில் வையுங்கள். உதிர்ந்த தூளை மூச்சில் இழுப்பதுதான் பெரிய ஆபத்து.

கேள்வி: போரில் எடுத்துவந்த பொருள் திருட்டா, பரிசா?

பதில்: யாரிடமிருந்து, எதை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. 1907 ஹேக் விதிகள் கொள்ளையைத் தடைசெய்கின்றன, தனியார் சொத்தைப் பறிக்கவும் கூடாது என்கின்றன. எதிரியின் ஆயுதங்கள் பிடித்த படைக்கு, அதாவது அரசுக்குச் சேரும், சிப்பாய்க்கு அல்ல. அதனால்தான் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் மேலதிகாரி கையெழுத்திட்ட சான்றிதழ் வாங்கிவந்தார்கள். அப்படிப்பட்ட தாள் பெட்டியில் இருந்தால் அதைப் பொருளிலிருந்து பிரிக்காதீர்கள். 1949 ஜெனீவா உடன்படிக்கை போர்க்கைதியின் பதக்கம், பதவிச் சின்னம், மனதுக்கு நெருக்கமான பொருள்கள் ஆகியவற்றை எடுக்கக் கூடாது என்கிறது. இறந்தவர் உடலைச் சூறையாடுவதையும் தடுக்கவேண்டும் என்கிறது.

கோயில், தேவாலயப் பொருள்களில் சந்தேகமே வேண்டாம். ஜெர்மனியின் குவெட்லின்பர்க் தேவாலயச் செல்வத்தை 1945இல் ஜோ டாம் மீடர் என்ற அமெரிக்க அதிகாரி தபாலிலேயே டெக்சாஸுக்கு அனுப்பினார். அவர் இறந்தபின் வாரிசுகள் விற்க முயன்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பிலிப்பைன்ஸின் பலங்கிகாவில் 1901இல் எடுத்த மூன்று தேவாலய மணிகள் 2018 டிசம்பரில் ஊர் திரும்பின. வந்துசேர 117 ஆண்டு ஆயிற்று.

கேள்வி: ஜெர்மன் சிப்பாயின் நீள்வட்ட உலோக வில்லை ஒன்று சேகரிப்பாளரிடம் வாங்கினேன். பெயர் இல்லை, எண்கள் மட்டும். எலுமிச்சை தேய்த்தால் தெளிவாகுமா?

பதில்: எலுமிச்சை அமிலம் வில்லையின் உலோகத்தை அரித்து, எண்ணையும் சேர்த்துத் தின்றுவிடும். உலர்ந்த மென்தூரிகையால் மண்ணை மட்டும் தட்டுங்கள். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அழுத்திய எழுத்துகளின் நிழல் விழும், அப்போது இரு பக்கமும் படமெடுங்கள்.

வில்லையின் நடுவே உடைப்பதற்கென்று வரிசையாகப் பிளவுகள் இருக்கும், இரு பாதியிலும் ஒரே எழுத்துகள்: படைப்பிரிவு, வரிசை எண், பெரும்பாலும் ரத்த வகை. சிப்பாய் இறந்தால் ஒரு பாதி உடலோடு, மறு பாதி பதிவுக்கு. உங்களிடம் இருப்பது உடையாத முழு வில்லை, அதுவும் மண்ணில் கிடந்ததன் அடையாளத்தோடு இருக்கிறது என்றால், யாரோ பெயர் தெரியாத எலும்புகளிடமிருந்து அதைப் பிரித்தெடுத்திருக்கலாம். அந்த மனிதரை இனங்காட்ட இருந்த ஒரே துப்பு அது. பெயர்ப் பதிவேடுகள் இப்போது பெர்லினில், ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. படங்களோடு, எந்த நிலத்தில் கிடைத்தது என்று விற்றவரிடம் கேட்டு, அந்த விவரத்தையும் எழுதி அனுப்புங்கள். விற்றவர் இடத்தை மறந்துவிடுவதற்குள் இந்த வாரமே கேளுங்கள்.